கார் நிறுத்துமிடத்தில் கிடைத்த மன்னர்!

இறந்து 500 ஆண்டுகள் ஆன ஒருவரின் முகத்தைப் பார்க்க முடியுமா குட்டீஸ்? இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் முகத்தைப் பார்த்துவிட்டார்கள்!

ரிச்சர்டு பிறந்தது 1452ல். எட்டு வயதில் தந்தையைப் போரில் பறிகொடுத்தார். அண்ணன் நான்காம் எட்வர்டு மன்னரானதும், அவருக்கு வலது கையாக இருந்தார். 1483ல் அண்ணன் இறந்தபோது, பட்டத்துக்கு உரிய அண்ணன் மகனுக்கு வயது 12தான். அவனுக்குக் காவலாக இருக்க வேண்டிய சித்தப்பா, தானே அரியணையில் ஏறிக்கொண்டார். லண்டன் கோட்டையில் தங்கவைக்கப்பட்ட அந்தச் சிறுவனும் அவன் தம்பியும் அதன்பின் யார் கண்ணிலும் படவில்லை.

ரிச்சர்டின் ஆட்சி இரண்டே ஆண்டுகள். மகன் இறந்தான், மறு ஆண்டு மனைவியும் இறந்தார். 1485 ஆகஸ்ட் 22ல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் ரிச்சர்டும் வீழ்ந்தார். அப்போது வயது 32. லெஸ்டர் நகரத் தேவாலயம் ஒன்றில் அவசர அவசரமாகப் புதைத்தார்கள். பின்னாளில் அந்தத் தேவாலயமும் இடிக்கப்பட்டது.

வென்றவர்களின் வம்சம் நாட்டை ஆண்டது. ரிச்சர்டைக் கூனர், சூம்பிய கையர், கொடியவர் என்றார்கள். ஷேக்ஸ்பியரின் நாடகமும் அப்படியே காட்டியது. வேடிக்கை என்ன தெரியுமா? அவரது ஓவியம் ஒன்றை எக்ஸ்ரே எடுத்தபோது, தோளை மேலும் உயர்த்தி, பிறகு யாரோ வண்ணம் பூசியிருந்தது தெரிந்தது!

2012ல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டினார்கள். முதல் நாளே ஓர் எலும்புக்கூடு தென்பட்டது! மண்டையில் மட்டும் ஒன்பது காயங்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அதனால் ஒரு தோள் சற்று உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். கூனும் இல்லை, சூம்பிய கையும் இல்லை. அவரது அக்காவின் வழித்தோன்றல்களுடைய டி.என்.ஏ.வோடு எலும்பின் டி.என்.ஏ. ஒத்துப்போனது. 2013 பிப்ரவரியில், இது ரிச்சர்டுதான் என்று அறிவித்தார்கள்.

அடுத்து முகம். உங்கள் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படுகிறதா? கன்னத்தில் அழுத்தினால் சதை அமுங்கும். முகத்தின் ஒவ்வொரு இடத்திலும் சதை சராசரியாக எவ்வளவு தடிமன் என்பதற்குக் கணக்கு உண்டு. மண்டை ஓட்டை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் அதன்மேல் தசைகளையும் தோலையும் பொருத்தினார் பேராசிரியை கரோலின் வில்கின்சன். கொடூர முகமா வந்தது? இல்லை, சாதாரணமான ஓர் இளைஞரின் முகம்!

முடி நிறம், கண் நிறத்தை எலும்பு சொல்லாது. அவற்றுக்கு ஓவியங்களைத்தான் பார்த்தார்கள். ஆனால், 2014ல் வந்த டி.என்.ஏ. முடிவு, கண்கள் நீலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம், சிறுவயதில் முடி பொன்னிறமாக இருந்திருக்கலாம் என்றது.

2015 மார்ச்சில் லெஸ்டர் பேராலயத்தில் ரிச்சர்டை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அண்ணன் மகன்கள் இருவரும் என்ன ஆனார்கள் என்ற சண்டை மட்டும் வரலாற்று அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை!