துருவ ஒளி இங்கே தெரியுமா? கொடைக்கானலில் சூரியனைப் படித்த ஜான் எவர்ஷெட்டின் கதை

சூரியப் புயல்னு செய்தி வந்ததும் இடுக்கி, பாலக்காடு மலைகளில் நின்னு வானத்தைப் பார்க்கிறீங்களா? காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே துருவ ஒளி தெரிவது கடினம். 2024 மே புயலில் லடாக்கின் ஹான்லேயில் சிவப்பு ஒளி பதிவானது.

ஆனால், அந்தப் புயல்கள் கிளம்பும் சூரியப் புள்ளிகளை, இடுக்கியை ஒட்டிய கொடைக்கானலில் இருந்தே ஒருவர் ஆராய்ந்தார்.

யார் இந்த எவர்ஷெட்?

1864-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். வேலை பார்த்துக்கொண்டே சொந்தக் கருவிகளால் சூரியனைக் கவனித்தவர். 1907-ல் கொடைக்கானல் ஆய்வகத்துக்கு வந்தார். மனைவி மேரியும் வானியலாளர்தான்.

என்ன கண்டுபிடித்தார்?

1908-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஹேல், சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் காட்டினார். அங்கே வாயு சுழல்போலச் சுற்றும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. 1909 ஜனவரியில் எவர்ஷெட் எடுத்த நிறமாலைப் படங்களோ வேறு கதை சொன்னன. வாயு சுற்றவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வெளியே பாய்ந்தது. எதிர்பார்த்ததை ஒதுக்கிவிட்டு, கண்டதையே அவர் வெளியிட்டார். இதைத்தான் 'எவர்ஷெட் விளைவு'ன்னு சொல்றாங்க.

1911-ல் இயக்குநரானார், 1923-ல் ஓய்வு பெற்றார், 1956-ல் 92 வயதில் காலமானார். கொடைக்கானலில் நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்த சூரியப் படங்கள், சூரியனின் போக்கு எப்படி மாறுதுன்னு புரிஞ்சுக்க இன்றும் உதவுகின்றன.