கறிவேப்பிலைக்குப் பெயர் தந்தவர்

அம்மா தாளிதத்தில் போடும் கறிவேப்பிலைக்கு அறிவியலில் பெர்கெரா கோனிகீ என்று பெயர். 1771-இல் லின்னேயஸ் சூட்டியது. அந்தக் கோனிக் யார்?

யோகான் கெர்ஹார்டு கோனிக் 1728-இல், இன்றைய லாட்வியாவில் பிறந்தவர், லின்னேயஸின் மாணவர். 1768-இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்தார். மருத்துவப் பணி போக மீந்த நேரமெல்லாம் செடிகளும் பூச்சிகளும் சேகரித்தார். அது எளிய வேலையன்று. தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்திய செடி பூசணம் பிடித்தால் போயிற்று. பூச்சி அரித்தாலும் போயிற்று. காத்து வைத்ததைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டும். மிஷன் சம்பளம் போதவில்லை. எனவே ஆர்க்காட்டு நவாபிடம் சேர்ந்தார். 1778-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணி கிடைத்தது. சயாம், மலாக்கா வரை சென்று வந்தார்.

தாளை அரிக்கும் கறையானையே அவர் ஆராய்ந்ததுதான் வேடிக்கை! 1779-இல் பெர்லினில் வெளியான அவரது கட்டுரையில் நம் மக்கள் ஈசல் பிடிக்கும் முறையும் உண்டு. புற்றில் இரு துளையிட்டு, காற்று வரும் பக்கம் நாற்றப் புகை போடுவார்களாம். மறுபக்கத்தில் கறிவேப்பிலை தேய்த்த பானையை வைப்பார்களாம். சில வேளை பாம்பும் வந்து விழுமாம். ஈசல் வறுத்த பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள்.

1785-இல் காக்கிநாடா அருகே ஜகந்நாதபுரத்தில் நோயுற்றபோது, தாவர அறிஞர் ராக்ஸ்பரோ உடனிருந்து கவனித்தார். பிழைக்கவில்லை. தம் குறிப்பேடுகளை லண்டன் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதி வைத்திருந்தார். அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கு லின்னேயஸின் மற்றொரு மாணவரான ஃபப்ரீசியஸ் பெயரிட்டார். அவர் உலர்த்திய செடிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.