மகள் ஆட, தாய் பாட

மக்கள் பெற்ற நற்புகழைப் பிறர் வாயிலாகக் கேட்கும் தாயின் மகிழ்ச்சியைத் திருவள்ளுவப் பெருந்தகை சொல்லியிருப்பதை நாம் அனைவரும் அறிவோம். புகழ் வருமுன், பழிச்சொல்லே செவியில் விழுந்துகொண்டிருந்த நாளில், மகளுக்குத் துணை நின்ற ஒரு தாயின் சரிதத்தை இம்மலரில் எடுத்துரைக்க விழைகிறோம். அவர்தாம் நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் அன்னையார் ஜயம்மாள்.

ஜயம்மாள் 1890-ஆம் ஆண்டில் பிறந்தவர். வீணை தனம்மாளின் புதல்வியருள் ஒருவர். சென்னையில் தனம்மாள் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை ஒலிக்கும். பெரிய வித்வான்களும் வந்தமர்ந்து கேட்பர். அந்த நாதத்தில் வளர்ந்த ஜயம்மாள், பதங்களையும் ஜாவளிகளையும் குடும்பச் சொத்தாகப் பெற்றார்.

1918-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் பாலசரஸ்வதி பிறந்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆட்டத்தைக் கண்ட அக்குழந்தை, தானும் ஆட வேண்டுமென்று ஆசைகொண்டது. காலமோ நாட்டியத்திற்குப் பொல்லாத காலம். தேவதாசி முறைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் அம்முறையின் கொடுமையோடு கலையும் சேர்ந்தே இகழப்பட்டது. வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது. சங்கீதம் போதும், சதிர் வேண்டா என்று மகளைத் தடுத்திருந்தால் ஜயம்மாளை ஒருவரும் குறை கூறியிரார். அவரோ, தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்ப பிள்ளையிடம் மகளை ஒப்படைத்தார். பிள்ளையவர்கள் பயிற்சியில் மிகக் கண்டிப்பானவர். 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியில் அரங்கேற்றம் நடந்தேறியது.

அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் மகளின் ஆட்டத்திற்குத் தாயே பாடினார். பாலசரஸ்வதியின் அபிநயத்தைக் கண்டோர், பாட்டு வேறு, பாவம் வேறு என்று பிரிக்க இயலாது என வியந்தனர். ஒரே அடியை மகள் பத்து விதமாக அபிநயிக்க வேண்டுமானால், பாடுபவரும் அதனைப் பத்து விதமாகப் பாட வேண்டுமன்றோ? மகளின் கலையில் தாயின் பங்கு அவ்வளவு பெரிது. சபையோர் எதிரே அமர்ந்து கண்ட முகத்தைத் தாய் அரங்கின் ஓரத்திலிருந்தே கண்டார். கைதட்டலை ஏற்று மகள் வணங்கும்போது, அடுத்த உருப்படிக்குச் சுருதி சேர்க்கும் வேலை அவருக்கு இருந்தது.

1934-இல் கல்கத்தாவில் பாலசரஸ்வதி ஆடினார். தென்னாட்டிற்கு வெளியே இக்கலையைப் பலர் கண்டறியாத காலம் அது. 1955-இல் சங்கீத நாடக அகாதமி விருதும், 1957-இல் பத்மபூஷண் விருதும் வந்தன. 1962-இல் அமெரிக்காவும் 1963-இல் எடின்பரோ விழாவும் அவர் ஆட்டத்தைக் கண்டன. இவையெல்லாம் ஜயம்மாள் வாழ்ந்த காலத்திலேயே நிகழ்ந்தவை. புதல்வர்களான மிருதங்க வித்வான் ரங்கநாதனும் புல்லாங்குழல் வித்வான் விசுவநாதனும் கலையிலேயே சிறந்தனர்.

ஜயம்மாள் 1967-இல் மறைந்தார். 1973-இல் மகள் பெற்ற சங்கீத கலாநிதி பட்டத்தையும், 1976-இல் சத்யஜித் ராய் மகளைப் பற்றி எடுத்த படத்தையும் காண அவர் இல்லை. ஆயினும் அவருக்குக் குறை என்ன? ஏழு வயதில் சலங்கை கட்டி நின்ற மகளைக் கண்டு அடைந்த பெருமையைவிடப் பட்டங்கள் எதனைக் கூட்டித் தந்திருக்கும்?

இன்று நம் சங்க மேடையில் காலனிச் சிறுமியர் ஆடவிருக்கின்றனர். முன்வரிசையில் அமர்ந்து நாம் பூரிப்போம். அவர்களே பத்தாம் வகுப்பை எட்டியதும், படிப்பிற்கு இடையூறு என்று சலங்கையைப் பெட்டியில் பூட்டிவிடுவோம். நம் இல்லத்திலும் அவ்வாறு பூட்டியதுண்டு, இப்போது வருந்துகிறோம். பெருமை என்பது பரிசு வாங்கும் நாளில் மட்டும் வருவதன்று. அடுத்த முறை பெட்டியைப் பூட்டக் கை நீளும்போது, ஜயம்மாளை ஒரு கணம் நினைப்போமாக.