பன்றி இறைச்சியில் புழுவைத் தேடிய வைத்தியர்

முள்ளியவளையில் எங்கள் வீட்டுக்குக் காட்டுப்பன்றி இறைச்சி வரும் நாளில் அம்மம்மா அடுப்படியை விட்டு நகரமாட்டார். உள்வரை அவிந்து நிறம் மாறும்வரை ஒருவரையும் தொடவிடமாட்டார். அந்தக் கண்டிப்பின் காரணம், ஜேர்மன் வைத்தியர் ருடோல்ஃப் விர்சோவின் வாழ்க்கையை வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

1821இல் பிறந்த விர்சோவை, 1848இல் மேல் சிலேசியாவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயப் பிரஷ்ய அரசு அனுப்பியது. அங்கே போலந்து மொழி பேசும் ஏழைகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். கல்வியும் சுயாட்சியும் தாய்மொழிக்கு உரிய இடமும் கிடைக்காமல் நோய் தீராது என்று அவர் அறிக்கை எழுதினார். அரசுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே பேர்லினை விட்டுப் போகவேண்டி வந்தது. 1856இல்தான் திரும்பினார்.

பிறகு அவர் தேடியது டிரிக்கினெல்லா என்ற புழுவை. எலியையோ இறைச்சிக் கழிவையோ தின்னும் பன்றியின் தசைக்குள் அதன் குஞ்சுகள் சுருண்டு கிடக்கும். வேகாத இறைச்சியோடு மனிதக் குடலுக்குள் போய் வளர்ந்து, புதிய குஞ்சுகளை ஈனும். அவை எங்கள் தசைக்குள் புகும்போது காய்ச்சலும் முகவீக்கமும் தசைவலியும் வரும். 1859இல் புழுவுள்ள தசையை நாய்க்குக் கொடுத்து, அதன் குடலில் வளர்ந்த புழுக்களை விர்சோ கண்டார். 1865இல் ஹெடர்ஸ்லேபன் என்ற ஊரில் பச்சைப் பன்றியிறைச்சி உண்டு நூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

வெட்டப்படும் ஒவ்வொரு பன்றியையும் நுணுக்குக்காட்டியால் சோதிக்கவேண்டும் என்று அவர் போராடினார். இறைச்சிக் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. பேர்லின் நகரசபை உறுப்பினராக இருந்து கழிவுநீர்க் கால்வாய்களுக்காகவும் வாதாடினார். 1881இல் பேர்லினில் பொதுக் கொல்களம் திறக்கப்பட்டது. 1902இல் டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து எலும்பு முறிந்து, அதே ஆண்டு காலமானார்.

மீள்குடியேறி வந்தபோது எங்களுக்கு மலசலகூடம் இருக்கவில்லை. மாடும் நாயும் மேய்ந்த பற்றைக்குள்தான் நாங்களும் போனோம். மனித மலத்திலிருந்து மாட்டுக்கும் பன்றிக்கும், அவற்றின் இறைச்சியிலிருந்து மனிதருக்கும் நாடாப்புழு சுற்றுவது இந்த வழியால்தான். வெட்டிய ஆட்டின் குடலையும் ஈரலையும் நாய்க்கு எறிவது இன்னொரு வழி. அதிலுள்ள நீர்க்கட்டி நாயின் குடலில் புழுவாகும். நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டை பிள்ளைகளின் கைக்கு வரும்.

பூச்சிக் குளிசை வயிற்றைச் சுத்தமாக்கும், வழியை அடைக்காது. கழிவைப் புதைப்பதும் கை கழுவுவதும் எங்கள் வேலை. வத்தலோ புகையூட்டியதோ, எந்த இறைச்சியையும் அம்மம்மாவைப்போல் அவித்தே உண்ணவேண்டும். மலசலகூடமும் இறைச்சிப் பரிசோதனையும் சலுகை அல்ல, எங்கள் உரிமை. அவற்றைக் கேட்டுப் பெறவேண்டும்.