ஆடை சொல்லும் காலம்: கோகோ ஷனெல்

நுழையும்முன்

உடலை மறைப்பதற்கும் தட்பவெப்பத்திலிருந்து காத்துக்கொள்வதற்கும் தோன்றியது ஆடை. எனினும், ஒரு சமுதாயம் யாரை மதிக்கிறது, யாரை அடக்கி வைக்கிறது, யாரிடம் எத்தகைய உழைப்பை எதிர்பார்க்கிறது என்பவற்றையும் அது காட்டிவிடும். விருந்துக்கும் விழாவுக்கும் உடுத்தும் ஆடையில் இவ்வுண்மை மேலும் தெளிவாகப் புலப்படும். பிறர் தம்மை எவ்வாறு காணவேண்டும் என எண்ணியே மக்கள் அவ்வாடையைத் தேர்ந்தெடுக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்களின் விருந்தாடை அடைந்த மாற்றங்களையும் அவற்றின் பின்னணியில் இருந்த சமுதாய மாற்றங்களையும், கோகோ ஷனெல் என்னும் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளரின் வாழ்க்கை வழியாக இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இடையை இறுக்கிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய நாகரிகத்தின் தலைநகராகப் பாரிஸ் விளங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்து 1858ஆம் ஆண்டு அங்கே ஆடையகம் நிறுவிய சார்லஸ் பிரெடெரிக் வொர்த், அரசியரும் செல்வர் வீட்டுப் பெண்டிரும் விருந்துகளில் உடுத்திய ஆடைகளை வடிவமைத்தார். எஃகு வளையங்களால் ஆன கூண்டு போன்ற உள்ளமைப்பின்மேல் பாவாடை விரிந்து நின்றது. இடையில், விறைப்பான கம்பிகள் வைத்துத் தைக்கப்பட்ட கச்சினை மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கிக் கட்டினர். அக்கச்சினை முதுகுப்புறம் இழுத்துக் கட்டுவதற்குப் பணிப்பெண் ஒருத்தியின் உதவி வேண்டியிருந்தது. பிறர் உதவியின்றி உடுத்தவும் களையவும் இயலாத அவ்வாடை, அதனை உடுத்திய பெண் உழைக்கத் தேவையில்லாதவள் என்பதை ஊருக்கு அறிவித்தது. கணவனின் செல்வத்தை மனைவியின் ஆடை விளம்பரம் செய்தது என்றே கூறலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் பொய்ரே என்னும் வடிவமைப்பாளர் இடைக்கச்சு தேவைப்படாத தளர்வான ஆடைகளை உருவாக்கினார். ஆயினும் 1910ஆம் ஆண்டளவில் அவர் புகழ்பெறச் செய்த குறுகிய பாவாடை, கணுக்கால்களுக்கு அருகில் ஒடுங்கி, பெண்கள் சிற்றடி எடுத்து வைத்தே நடக்குமாறு செய்தது. இடை விடுதலை பெற்றது, கால்களோ கட்டுண்டன. இத்தகைய காலத்தில்தான் ஷனெல் தம் தொழிலைத் தொடங்கினார்.

ஆதரவற்றோர் இல்லத்தில் கற்ற தையல்

கேப்ரியல் ஷனெல் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், பிரான்சு நாட்டின் சொமூர் நகரில் ஏழையர்க்கான மருத்துவமனை ஒன்றில் பிறந்தார். தாய் துணி வெளுக்கும் தொழிலாளி. தந்தை ஊர் ஊராகச் சென்று துணிமணி விற்ற சிறு வணிகர். 1895ஆம் ஆண்டு தாய் மறைந்தபோது ஷனெலுக்கு வயது பதினொன்று. தந்தை தம் பெண்மக்களை ஒபசீன் என்னும் சிற்றூரில் கன்னியர் மடத்தைச் சார்ந்த ஆதரவற்றோர் இல்லத்தில் விட்டுச் சென்றார். அங்குக் கற்ற தையற்கலையே ஷனெலின் வாழ்வுக்கு முதலாயிற்று. கன்னியர் உடுத்திய கறுப்பு, வெள்ளை உடைகளின் எளிமை, பின்னாளில் அவர் வடிவமைத்த ஆடைகளில் வெளிப்பட்டது எனத் திறனாய்வாளர் பலர் கருதுவர்.

பதினெட்டு வயதுக்குப் பின் அவர் முலான் நகரத்துக் கடை ஒன்றில் தையற்பணி செய்தார். மாலை வேளைகளில் சிற்றரங்குகளில் பாடினார். அப்பாடல்களால் வந்த கோகோ என்னும் செல்லப்பெயர் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. 1910ஆம் ஆண்டு, நண்பர் ஆர்தர் கேப்பல் அளித்த பொருளுதவியுடன் பாரிசின் கம்போன் தெருவில் தொப்பிக் கடை ஒன்றைத் திறந்தார். இறகுகளும் பழங்களும் பூக்களும் குவிந்த பெருந்தொப்பிகளைச் செல்வப் பெண்டிர் தலையில் சுமந்த காலம் அது. ஷனெல் தைத்த தொப்பிகளோ எளியவை. தலைக்குப் பாரமாக இராதவை. அப்புதுமையே வாடிக்கையாளர்களை ஈர்த்தது.

போரும் பின்னலாடையும்

1913ஆம் ஆண்டு தோவில் என்னும் கடற்கரை நகரில் ஷனெல் மற்றொரு கடையைத் திறந்தார். மறு ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குச் சென்றனர். தொழிற்சாலை, அலுவலகம், மருத்துவமனை, டிராம் வண்டி என எங்கும் பெண்கள் பணியேற்றனர். பணிப்பெண்கள் பலர் ஆலை வேலைக்குச் சென்றுவிட்டதால், செல்வர் வீட்டுப் பெண்களும் தாமே உடுத்திக்கொள்ளவும் தாமே நடந்து செல்லவும் வேண்டியதாயிற்று. எஃகுக் கூண்டோ கச்சோ அணிந்து இவற்றைச் செய்ய இயலாது.

போர்க்காலத்தில் உயர்ந்த துணிகள் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது ஷனெல், ஜெர்சி எனப்படும் பின்னல் துணியை வாங்கினார். இன்று திருப்பூரின் வழியாகப் பனியன் துணி என நாம் அறிந்திருக்கும் வகையைச் சேர்ந்தது அது. ஆண்களின் உள்ளாடைக்கே உரியதென மதிப்புக் குறைவாகக் கருதப்பட்ட அத்துணி, இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். உடலின் அசைவைத் தடுக்காது. அதனைக் கொண்டு கணுக்காலுக்கு மேல் நிற்கும் பாவாடைகளையும், தளர்ந்த மேற்சட்டைகளையும் தைத்தார். கைகளை நுழைத்துக்கொள்ளப் பைகளும் வைத்தார். 1915ஆம் ஆண்டு பியாரிட்ஸ் நகரிலும் ஆடையகம் நிறுவினார். தொழில் பெருகியதும், கேப்பலிடம் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தினார். பிறரைச் சார்ந்து வாழ்ந்த ஏழைப்பெண் தம் உழைப்பால் தற்சார்பு பெற்றார். 1919ஆம் ஆண்டு இறுதியில் கேப்பல் சாலை விபத்தில் உயிரிழந்தார். அத்துயர் ஷனெலின் உள்ளத்தை விட்டு அகலவே இல்லை.

சிறிய கறுப்பு ஆடை

போர் முடிந்தபோது பிரான்சு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. கணவனையும் மகனையும் உடன்பிறந்தானையும் பறிகொடுத்த பெண்கள் நாடெங்கும் துயரின் அடையாளமாகக் கறுப்பு உடுத்தினர். துயரத்தை மறக்க விரும்பிய இளைய தலைமுறையோ நடன அரங்குகளை நிறைத்தது. கைகால்களை விரைவாக வீசி ஆடும் சார்ல்ஸ்டன் நடனம் பரவியது. அதற்கேற்ப விருந்தாடை முழங்கால்வரை குறுகியது, கைப்பகுதி நீங்கியது, இடைக்கோடு இடுப்புக்குக் கீழே இறங்கியது. பெண்கள் கூந்தலையும் கத்தரித்துக்கொண்டனர்.

1926ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் வோக் இதழ், ஷனெல் வடிவமைத்த கறுப்பு ஆடை ஒன்றின் ஓவியத்தை வெளியிட்டது. அலங்காரம் ஏதுமற்ற அவ்வாடையை அவ்விதழ் ஃபோர்டு நிறுவனத்தின் மகிழுந்துக்கு ஒப்பிட்டது. அம்மகிழுந்தைப் போலவே இவ்வாடையும் எல்லாரையும் சென்றடையும் என்பது அதன் கருத்து. அதுவரை துயருக்கும், கடைப் பணியாளர், வீட்டுப் பணிப்பெண் ஆகியோரின் சீருடைக்கும் உரியதாக இருந்த கறுப்பு, விருந்து மண்டபத்தினுள் நுழைந்தது. மாலை விருந்துகளுக்கென மென்பட்டிலும் லேஸ் துணியிலும் ஷனெல் கறுப்பு ஆடைகளைத் தைத்தார். அவற்றின்மேல் உண்மை முத்துகளையும் போலி முத்துகளையும் கலந்து அணியும் வழக்கத்தையும் பரப்பினார். அணிகலனின் விலையைக் கொண்டு பெண்ணின் மதிப்பை அளந்த பழைய கணக்கு இதனால் குழம்பியது.

ஷனெலின் ஆடையகத்தில் தைத்த ஆடை விலை உயர்ந்ததே. ஆனால் அதன் வடிவம் எளிது. தையல் தெரிந்த எவரும் அதைப் பார்த்துத் தைத்துவிடலாம். தம் வடிவங்களைப் பிறர் பின்பற்றுவதை ஷனெல் பெரிதும் பொருட்படுத்தவில்லை. ஆகவே அலுவலகத்தில் தட்டச்சு செய்த பெண்ணும் மாலையில் ஒரு கறுப்பு ஆடையும் கண்ணாடி மணிமாலையும் அணிந்து விருந்துக்குச் செல்ல முடிந்தது. யார் சீமாட்டி, யார் பணியாளர் என ஆடையைக் கொண்டு பிரித்தறிவது கடினமாயிற்று.

தெரிந்து தெளிவோம்

ஆடையில் கிடைத்த உரிமை சட்டத்தில் உடனே கிடைத்துவிடவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் தீர்மானத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை 1919ஆம் ஆண்டு ஏற்றது. மேலவை 1922ஆம் ஆண்டு அதனைத் தள்ளியது. 1944ஆம் ஆண்டில் உரிமை வழங்கப்பட்டு, 1945ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தனர். மணமான பெண், கணவனின் ஒப்புதலின்றி வேலைக்குச் செல்லவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் வழிசெய்த சட்டம் 1965ஆம் ஆண்டில்தான் வந்தது.

வறுமையும் வேலைநிறுத்தமும்

1929ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி ஐரோப்பாவையும் தாக்கியது. நடன அரங்குகளின் ஆரவாரம் அடங்கியது. விருந்தாடை மீண்டும் பாதம்வரை நீண்டது. செல்வரும் சிக்கனம் நாடிய அக்காலத்தில், எளிய பருத்தித் துணியால் ஷனெல் மாலை விருந்தாடைகளைத் தைத்துக் காட்டினார்.

பெண்ணுடலுக்கு எளிமை தந்தவர், தம்மிடம் பணியாற்றிய பெண்களின் துயரை உணர்ந்தாரா என்னும் வினா 1936ஆம் ஆண்டில் எழுந்தது. அவ்வாண்டு பிரான்சு முழுவதும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஷனெலின் தையற்பெண்களும் அதில் இணைந்து, முதலாளியான அவரையே ஆடையகத்தினுள் நுழையவிடாமல் தடுத்தனர். அவர்தம் கோரிக்கைகளை முதலில் மறுத்த ஷனெல், பின்னரே இணங்கினார். வாரத்துக்கு 40 மணிநேர வேலை, ஆண்டுக்கு இரு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுமுறை ஆகியவற்றைப் பிரெஞ்சுத் தொழிலாளர் பெற்றது அவ்வாண்டில்தான். விருந்து மண்டபத்தில் ஒளிர்ந்த ஒவ்வோர் ஆடைக்குப் பின்னும், குனிந்த தலையுடன் ஊசி பிடித்த பெண்கள் இருந்தனர் என்பதை அவ்வேலைநிறுத்தம் உலகுக்கு உணர்த்தியது.

போர்க்காலக் கறை

1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் ஷனெல் ஆடையகத்தை மூடினார். பணியாளர் பலர் வேலை இழந்தனர். நறுமண விற்பனை மட்டும் தொடர்ந்தது. 1921ஆம் ஆண்டு அவர் அறிமுகப்படுத்திய ஐந்தாம் எண் நறுமணத்தைத் தயாரித்து விற்ற நிறுவனத்தில், வெர்தைமர் உடன்பிறந்தாரே பெரும்பங்குக்கு உரியவர்கள். யூதர்களாகிய அவர்கள் நாட்டை விட்டு வெளியேறியிருந்தனர். ஜெர்மானிய நாசிகளின் ஆட்சியில் யூதர்களின் சொத்துரிமையைப் பறித்த சட்டங்களைப் பயன்படுத்தி, அந்நிறுவனத்தைத் தமதாக்கிக்கொள்ள ஷனெல் முயன்றார். வெர்தைமர் குடும்பத்தார் அதனை முன்னரே வேறொருவர் பெயருக்கு மாற்றியிருந்ததால் அம்முயற்சி பலிக்கவில்லை. ஜெர்மானிய அதிகாரி ஒருவருடன் அவர் நெருங்கிப் பழகியதும், ஜெர்மானிய உளவுத்துறை ஆவணங்களில் அவர் பெயர் இடம்பெற்றிருப்பதும் வரலாற்றில் பதிந்துள்ளன. 1944ஆம் ஆண்டு பாரிஸ் விடுதலை பெற்றபின் அவர் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். பின்னர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தார். அவருடைய கலைத்திறனைப் போற்றுவோர் இக்கறையை மறைத்தல் கூடாது.

மீண்டும் இறுகிய இடை

1947ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் கிறிஸ்டியன் டியோர் பாரிசில் தம் முதல் ஆடைத்தொகுப்பை வெளியிட்டார். இடை மீண்டும் இறுகியது. பாவாடை பல மீட்டர் துணியால் விரிந்தது. போர்க்காலப் பங்கீட்டு முறையால் துணிப்பஞ்சத்தில் வாடிய பெண்கள் பலர் அவ்வளமையை விரும்பி வரவேற்றனர். துணியை வீணாக்குவதாகக் கூறி எதிர்த்தோரும் உண்டு. போரிலிருந்து ஆண்கள் திரும்பியதும், ஆலைகளில் உழைத்த பெண்கள் மீண்டும் வீட்டுக்குள் அடங்கவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு மேலோங்கிய காலம் அது. அவ்வெதிர்பார்ப்புக்கு இவ்வாடை பொருந்தி அமைந்தது.

தாம் களைந்தெறிந்த கச்சு திரும்பி வந்ததைக் கண்ட ஷனெல், 1954ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், தம் எழுபதாம் வயதில் மீண்டும் ஆடைத்தொகுப்பை வெளியிட்டார். பிரெஞ்சு இதழ்கள் அதனைப் பழமையானது என எள்ளின. அமெரிக்கப் பெண்களோ விரும்பி வாங்கினர். பணியிடத்துக்கும் மாலை நிகழ்ச்சிக்கும் ஒருங்கே ஏற்ற மேற்சட்டையும் பாவாடையும் அத்தலைமுறையின் அடையாளமாயின. மேற்சட்டையின் கீழ்விளிம்பில் மெல்லிய சங்கிலியை உள்ளே வைத்துத் தைத்து, அது சுருங்காமல் நேராக நிற்கச் செய்தார். 1955ஆம் ஆண்டு அவர் உருவாக்கிய கைப்பை, தோளில் மாட்டிக்கொள்ளும் சங்கிலி உடையது. விருந்துக்குச் சென்ற பெண்ணின் இரு கைகளும் அதனால் விடுபட்டன.

ஆனால் காலம் அவரையும் கடந்து சென்றது. 1960களில் இளம்பெண்கள் முழங்காலுக்கு மேல் நிற்கும் குட்டைப் பாவாடையை விரும்பினர். ஷனெல் அதனை வெறுத்தார். 1966ஆம் ஆண்டு ஈவ் சாங் லோரான் பெண்களுக்கென மாலை விருந்துக்கான காற்சட்டை உடையை வடிவமைத்தார். ஒரு காலத்தில் மரபை மீறியவர், தம் முதுமையில் மரபைக் காப்பவராக மாறினார். 1971ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், அடுத்த தொகுப்புக்கான பணி நடந்துகொண்டிருக்கையில், பாரிசில் தாம் தங்கியிருந்த ரிட்ஸ் விடுதியில் எண்பத்தேழாம் வயதில் காலமானார்.

நிறைவாக

கூண்டுப் பாவாடையிலிருந்து காற்சட்டை வரை, நூறு ஆண்டுகளில் விருந்தாடையின் நீளம் பலமுறை ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. அதன் நீள அகலத்தை மட்டும் கொண்டு பெண்ணின் விடுதலையை அளந்துவிட முடியாது. அவள் தானே உடுத்த முடிகிறதா, தடையின்றி நடக்க முடிகிறதா, தன் உழைப்பின் பொருளைத் தானே வைத்துக்கொள்ள முடிகிறதா என்பவையே நாம் கேட்கவேண்டிய வினாக்கள். ஆடையைத் தைப்பவளுக்கும் அவ்வுரிமைகள் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அவ்வினாக்கள் முழுமை பெறும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெண்கள் திருமணம், திருவிழா போன்ற நிகழ்வுகளுக்கு உடுத்திய ஆடைகளைப் பற்றி அவர்களிடம் கேட்டறிந்து, மாற்றங்களுக்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.

2. ஒருவரின் கலைத்திறனையும் அவர்தம் தவறுகளையும் ஒருசேர மதிப்பிடுவது எவ்வாறு என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.