உருக்கின் உள்மாசு தீர்த்த ஹீத்

செம்பிலே களிம்பு உடன்தோன்றி நிற்பதுபோல உயிரிலே ஆணவ மலம் உறைந்து நிற்கிறது என்பர் நம் சைவப் பெரியோர். புறத்தே தேய்த்தால் நீங்கும் அழுக்கன்று அது. உலோகத்திலும் அத்தகைய உள்மாசு உண்டு. உருகிய இரும்பு ஒட்சிசனைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். இறுகும்போது அது துளைகளாகவும் நுண்கசடாகவும் உள்ளேயே தங்கிவிடும். கந்தகமும் சேர்ந்துவிட்டால், செஞ்சூட்டில் சம்மட்டி பட்டதும் உருக்கு வெடிக்கும். இம்மாசு தீர்க்க ஒரு வழியைத் தொழிலாளர் கையில் கொடுத்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஹீத் துரை கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தராய்ச் சேலம் பகுதியிலே பணியாற்றியவர். இயற்கை ஆராய்ச்சியிலும் நாட்டமுடையவர். மஞ்சள் வௌவால் இனமொன்றின் விஞ்ஞானப் பெயர் இன்றும் அவரை நினைவூட்டுகிறது. நம் தமிழ்க் கொல்லர் இரும்புத் துண்டுடன் ஆவாரை விறகையும் எருக்கிலையையும் மண் மூசையில் இட்டு மூடி, நெருப்பிலே உருக்காக்கும் வித்தையை அவர் வியந்து நோக்கினார். பின்னர் அதைக் குறித்துக் கட்டுரையும் எழுதினார். 1830 அளவில் பரங்கிப்பேட்டையிலே பெரிய இரும்பாலை தொடங்கினார். அம்முயற்சி அவருக்குச் செல்வம் தரவில்லை, கடனே மிஞ்சிற்று.

இங்கிலாந்து திரும்பிய அவர், 1839ஆம் ஆண்டு ஒரு காப்புரிமை பெற்றார். காபனோடு சேர்ந்த மங்கனீசை, உருக்கின் நிறையில் நூற்றுக்கு 1 முதல் 3 பங்குவரை மூசையிலே சேர்ப்பதே அம்முறை. மங்கனீசுக்கு ஒட்சிசன்மீது இரும்பைவிடப் பற்று அதிகம். ஆதலால் அது ஒட்சிசனைத் தான் ஏற்றுக் கசடாகி மேலே மிதக்கும். கந்தகத்தின் தீமையையும் அடக்கும். மலிவான இரும்பிலிருந்தும் நல்ல உருக்குக் கிடைத்தது. ஷெபீல்டு நகரத்துத் தொழிலதிபர்கள் பெரும் பயன் அடைந்தனர்.

ஹீத் அடைந்ததோ வழக்கு. அவருடைய முகவராயிருந்த அன்வின் என்பவர், மங்கனீசு ஒட்சைட்டையும் காபனையும் தனித்தனியே மூசையில் இட்டார். உள்ளே விளைவது ஒன்றுதான். ஆனால் காப்புரிமைப் பத்திரத்திலே அவ்வாறு எழுதப்படவில்லை. நியாயம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிற்று. 1851இல் ஹீத் வறுமையிலே காலமானார். 1855இல் பிரபுக்கள் சபையும் அவர் தரப்புக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

அவர் காட்டிய வழியோ அழியவில்லை. இன்று ஆலைகளிலே மங்கனீசுடன் சிலிக்கன், அலுமினியம் முதலியனவும் அப்பணியைச் செய்கின்றன. நம்மூர் ஒட்டுப் பட்டறையில் எரியும் குச்சியின் மேற்பூச்சிலும் மங்கனீசு உண்டு. ஒட்டு ஆறியபின் சுத்தியலால் தட்டி உதிர்க்கும் கருங்கசட்டைப் பாருங்கள். மாசைத் தன்மேல் ஏற்று வெளியேறிய உலோகம் அதிலே கலந்திருக்கிறது.

எழுத்துப் பிழையினால் ஹீத் இழந்தது பொருளை. பெயராவது எஞ்சிற்று. அவர் வியந்து நின்ற சேலத்துக் கொல்லருக்கு எழுதப்பட்ட பத்திரமே இல்லை. அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது. இளைஞர்காள்! நம் பகுதியிலே உலைக்களத்திலும் வயலிலும் கடலிலும் கைத்திறன் உடைய முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் சென்று கேளுங்கள். கேட்டதைப் பிழையற எழுதிவையுங்கள். அதுவும் ஒரு திருப்பணியே என்று நாம் கருதுகிறோம்.