சீனாவில் 54 வருஷம்

1900-ம் ஆண்டு ஜூலை மாதம் லண்டன் பத்திரிகையில் ஒரு மரணச் செய்தி வெளியாயிற்று. சீனத் தலைநகரான பீகிங்கில் (இன்றைய பெய்ஜிங்) கலகக்காரர்களின் முற்றுகையில் சிக்கி சர் ராபர்ட் ஹார்ட் இறந்துவிட்டார் என்று அவருடைய சேவையைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். ஆனால் ஹார்ட் சாகவில்லை. 55 நாள் முற்றுகைக்குப் பிறகு உயிருடன் வெளியே வந்தார். வீடும் அலுவலகமும் சாம்பலாகிவிட்டன. மாற்று உடைகூட இல்லாமல், குளிர்காலத்துக்கு உடுப்பு அனுப்பும்படி லண்டனுக்குத் தந்தி கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 65. அதில் 46 வருஷம் சீனாவில் கழிந்தது.

அயர்லாந்தில் போர்ட்டடவுன் என்னும் சிற்றூரில் 1835-ல் பிறந்தவர் ஹார்ட். 12 குழந்தைகளில் மூத்தவர். பெல்பாஸ்ட் குவீன்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்று, 19 வயதில் பிரிட்டிஷ் தூதரகத்தின் மொழிபெயர்ப்பு வேலைக்காக 1854-ல் கப்பலேறினார். நிங்போ துறைமுகத்தில் முதல் உத்தியோகம். உடன் வேலை பார்த்த வெள்ளையர் பலர் பொழுதைக் கழிக்க வழி தேடியபோது, இவர் ஆசிரியரை வைத்துச் சீன மொழியைப் படித்தார். பிற்காலத்தில் அவரைத் தூக்கிவிட்டது இந்தப் படிப்புதான்.

1859-ல் பிரிட்டிஷ் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, சீன சர்க்காரின் கடல் சுங்க இலாகாவில் சேர்ந்தார். வினோதமான இலாகா அது. எஜமான் சீனச் சக்கரவர்த்தி. மேலதிகாரிகளோ ஐரோப்பியர், அமெரிக்கர். முதல் தலைவராக இருந்த லே என்ற ஆங்கிலேயர், சீன சர்க்காருக்காக வாங்கிய போர்க்கப்பல்களை அவர்கள் சொற்படி நடத்த மறுத்தார். வேலை போயிற்று. 1863-ல் அந்த நாற்காலி 28 வயது ஹார்ட்டுக்குக் கிடைத்தது.

மறு வருஷமே அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். நமக்குச் சம்பளம் கொடுப்பது சீன சர்க்கார். நாம் அவர்களுடைய ஊழியர்கள். சீன அதிகாரிகளையும் மக்களையும் மரியாதைக் குறைவாக நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். பீரங்கியைக் காட்டிச் சீனத் துறைமுகங்களைத் திறந்துவிட்ட காலத்தில் ஒரு வெள்ளையர் இப்படி எழுதியது சிறிய விஷயமல்ல. மேஜை வேலைக்கு வரும் வெளிநாட்டு இளைஞர்கள் சீன மொழி படித்தே ஆக வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

இலாகா வளர்ந்தது. கடற்கரையோரம் கலங்கரை விளக்கங்கள் எழுந்தன. 1896-ல் சீனாவின் தபால் இலாகாவும் இவர் பொறுப்பில் பிறந்தது. 1860-களில் வருஷத்துக்கு 80 லட்சம் டேல் அளவில் இருந்த சுங்க வருமானம், அவர் விடைபெற்ற 1908-ல் மூன்று கோடியைத் தாண்டியிருந்தது. (டேல் என்பது சீனாவின் வெள்ளிக் கணக்கு.) அதில் ஒரு பகுதி, பம்பாயிலும் கல்கத்தாவிலும் கப்பலேறிய அபினிமீது விதித்த வரி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1895-ல் ஜப்பானிடம் தோற்ற பிறகு, நஷ்டஈடு கட்ட வாங்கிய அந்நியக் கடன்களுக்குச் சுங்க வருமானமே ஈடாயிற்று. ஹார்ட் காசு பிசகாமல் வசூலித்தார். வசூலானது அந்நியர் கைக்கே போயிற்று.

அவருடைய அன்றாட வாழ்க்கை மேஜையைச் சுற்றியே இருந்தது. நின்றபடியே எழுதுவார். பீகிங்கை விட்டு வெளியே போவது அபூர்வம். லண்டனில் இலாகாவின் பிரதிநிதியாக இருந்த காம்பெல்லுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் இடைவிடாமல் கடிதம் எழுதினார். உத்தியோக விஷயம், உடல்நலம், வீட்டுக் கவலை எல்லாம் அதில் வரும். ஓய்வு நேரத்தில் பிடில் வாசிப்பார். சீன இளைஞர்களைப் பழக்கி ஒரு பாண்டு வாத்தியக் குழுவே சொந்தச் செலவில் வைத்திருந்தார்.

ஊருக்குப் பணம் அனுப்பும் கவலை அங்கேயும் இருந்தது. சம்பளம் வெள்ளியில், ஊரிலே செலவு தங்கப் பவுன் கணக்கில். 1870-களின் தொடக்கத்தில் ஆறு ஷில்லிங்குக்கு மேல் பெற்ற ஒரு டேல், 1890-களின் முடிவில் மூன்று ஷில்லிங்குகூடப் பெறவில்லை. சம்பளம் அதேதான், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது பாதி.

குடும்பக் கதைதான் வருத்தமானது. இளம் வயதில் ஆயாவ் என்ற சீனப் பெண்ணுடன் வாழ்ந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. ஊர் போய்ச் சொந்த ஜாதியில் பெண் எடுக்க முடிவு செய்ததும், அந்தக் குழந்தைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி அயலாரிடம் வளர்க்க ஏற்பாடு செய்தார். செலவுக்குப் பணம் போயிற்று, அப்பா போகவில்லை. 1866-ல் டப்ளினில் ஹெஸ்டர் என்ற பெண்ணை மணந்து பீகிங்குக்கு அழைத்து வந்தார். அவர்களுக்கும் மூன்று குழந்தைகள். 1882-ல் ஹெஸ்டர் குழந்தைகளோடு ஊர் திரும்பினார். அதன்பின் பெரும்பாலும் கடிதத்திலும் பணத்திலும் நடந்த குடித்தனம்தான். அரை நூற்றாண்டில் ஹார்ட் ஊருக்குப் போனது இரண்டே முறை.

1885-ல் சீனாவுக்கான பிரிட்டிஷ் தூதர் பதவியே தேடி வந்தது. ஏற்றுக்கொண்டு, பிறகு வேண்டாம் என்று எழுதிவிட்டார். ஆனால் அவரிடமும் குறை உண்டு. தம்பிக்கும் மைத்துனருக்கும் இலாகாவில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. சீனர் ஒருவர்கூட அவர் காலத்தில் துறைமுகக் கமிஷனர் பதவிக்கு உயரவில்லை. சீனருக்கு ஊழியர் நாம் என்று எழுதிய அதே கையால்தான் இதுவும் நடந்தது.

முற்றுகையில் எல்லாவற்றையும் இழந்த மனிதர், அந்தக் கலகக்காரர்களைத் திட்டி எழுதுவார் என்றே ஐரோப்பாவில் எதிர்பார்த்தார்கள். அவரோ, அந்நியர் செய்த அவமானமே கலகத்துக்குக் காரணம், இது தேசபக்தி, நாளைக்கு இன்னும் பெரிதாக வரும் என்று கட்டுரைகள் எழுதினார். சொந்த நாட்டில் அது பலருக்குப் பிடிக்கவில்லை. சீன சர்க்காரும் அவரை முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை. 1906-ல் இலாகாவுக்கு மேலே புதிதாக ஒரு சீன வாரியத்தை அமைத்தார்கள். முதியவருக்கு அது பெரிய அடி.

1908-ல் விடுப்பில் இங்கிலாந்து போனார். பதவி பேரளவில் அவரிடமே இருந்தது. திரும்பவில்லை. 1911 செப்டம்பர் 20-ம் தேதி காலமானார். மூன்றே வாரத்தில் சீனாவில் புரட்சி வெடித்து, அவர் ஊழியம் செய்த ராஜவம்சம் சரிந்தது. ஷாங்காய் கடற்கரைச் சாலையில் 1914-ல் வைத்த அவருடைய வெண்கலச் சிலை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆதிக்கத்தின்போது அகற்றப்பட்டது.

எரிந்த வீட்டிலிருந்து ஊழியர் ஒருவர் காப்பாற்றிய நாட்குறிப்புகள் மட்டும் பிழைத்தன. 77 தொகுதிகளான அவை பெல்பாஸ்டில் அவர் படித்த கல்லூரியிலேயே இருக்கின்றன. அதில் 1855-ன் பிற்பாதி முதல் 1858 தொடக்கம் வரை, ஆயாவைச் சந்தித்த காலத்துக் குறிப்புகள் மட்டும் இல்லை. அவற்றை ஹார்ட்டே அழித்துவிட்டார் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.